அம்புக்குறியை முதலில் போடு

முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நிலைமின்னியல் பாடத்தில் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, திசையில். பெருக்கல் சரியாக இருக்கும், பத்தின் அடுக்கு சரியாக இருக்கும், அலகும் எழுதியிருப்பார்கள். கடைசி வரியில் வலப்பக்கம் என்று வரவேண்டிய இடத்தில் இடப்பக்கம் என்று இருக்கும். அல்லது கூட்ட வேண்டியதைக் கழித்து வைத்திருப்பார்கள். சிவப்பு மையைத் திறந்து அந்த ஒரு வரியைச் சுழிக்கும்போது எனக்கே வயிறு எரியும்.

இந்தப் பதிவில் கொஞ்சம் கணக்கு வரும், பயந்துவிடாதீர்கள். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். பேரனோ பேத்தியோ பிளஸ் டூ படிக்கும் வீடாக இருந்தால், ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர்களின் மகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் வீட்டிலும் அப்படி ஓர் ஆசையைச் சத்தமாகச் சொல்ல முடிகிறது. அவள் அம்மா தையல்காரர்தான். தன் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து மகளை ஒரு நீட் பயிற்சி மையத்தில் சேர்த்தார். மதிப்பெண் போதவில்லை. இயற்பியலில்தான் சறுக்கல்.

ஒருநாள் சாயங்காலம் அந்த அம்மா படியேறி வந்தார். "சார், இன்னொரு வருஷம் பணம் கட்டலாமா, இல்ல நர்சிங்ல சேத்து விட்டுரலாமா? அவ எனக்கு பிசிக்ஸ் வராதும்மான்னு அழறா. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

இந்த மாதிரி கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது. அவர்கள் வீட்டுப் பணம், அந்தப் பெண்ணின் ஒரு வருடம். "அவ எழுதின பரீட்சைத் தாளெல்லாம் குடுத்து விடுங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மாதிரித் தேர்வுத் தாள்கள் பதினொன்று. ஓரத்தில் அவள் போட்டுப் பார்த்த கணக்குகளும் இருந்தன. நல்லவேளை, அழித்து வைக்கவில்லை. இரண்டு நாள் மாலை உட்கார்ந்து பார்த்தேன். மின்னியலில் அவள் தவறவிட்ட கேள்விகளில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே கதைதான். தனித்தனி அளவுகளைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அவற்றை ஒன்று சேர்க்கும் இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறாள். நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. ஆக ஒவ்வொரு தடுக்கலுக்கும் ஐந்து மதிப்பெண் இடைவெளி.

ஒரு கேள்வியை அப்படியே சொல்கிறேன். ஒரு நேர்கோட்டில் இரண்டு புள்ளி மின்னூட்டங்கள். இடப்பக்கம் இருப்பது நேர்மின்னூட்டம், 4 மைக்ரோ கூலூம். அதற்கு வலப்பக்கம் 30 சென்டிமீட்டர் தள்ளி எதிர்மின்னூட்டம், 1 மைக்ரோ கூலூம். இரண்டுக்கும் நடுவே, முதலாவதிலிருந்து 20 சென்டிமீட்டரில் மின்புலம் என்ன, எந்தத் திசையில்?

மின்புலம் என்றால் என்ன என்று மறந்தவர்களுக்கு: ஓர் இடத்தில் ஒரு கூலூம் நேர்மின்னூட்டத்தை வைத்தால் அதன்மீது எவ்வளவு விசை, எந்தப் பக்கமாக இருக்கும் என்பதுதான் அந்த இடத்தின் மின்புலம். அளவு கூலூம் விதிப்படி வருகிறது. 1785-ல் பிரெஞ்சுக்காரர் கூலூம், மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு தராசை வைத்து, அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும் அளவைக் கொண்டு கண்டறிந்தது. தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. மாறிலி 900 கோடி. அதை 4 மைக்ரோ கூலூமால் பெருக்கினால் 36,000. தூரம் 0.2 மீட்டர், அதன் வர்க்கம் 0.04. வகுத்தால் 9,00,000 நியூட்டன்/கூலூம். அடுத்தது, 1 மைக்ரோ கூலூமுக்கு 9,000. தூரம் 0.1 மீட்டர், வர்க்கம் 0.01. வகுத்தால் அதே 9,00,000.

இது வரை அவள் அட்சரம் பிசகாமல் போட்டிருந்தாள். அடுத்த வரி: 9,00,000 கழித்தல் 9,00,000, விடை பூஜ்யம். நான்கு விடைகளில் பூஜ்யமும் ஒன்று. கேள்வி தயாரித்தவர் விவரமானவர், யார் எங்கே விழுவார்கள் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

சரியான விடை 18,00,000, எதிர்மின்னூட்டத்தை நோக்கி. காற்றில் மின்பொறி பறக்கத் தேவையான மின்புலம் சுமார் 30 லட்சம். பொறி பறப்பதில் பாதிக்கு மேல் இருக்கும் இடத்தை அந்தப் பிள்ளை ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாள்.

தாளோடு தைத்து ஒரு குறிப்பும் இருந்தது, பயிற்சி மையத்தில் கொடுத்த குறுக்குவழிப் பட்டியல். 'மின்னூட்டத்தைக் குறியோடு சூத்திரத்தில் போடு. கூட்டு. பிளஸ் வந்தால் வலம், மைனஸ் வந்தால் இடம்' என்று அதில் ஒரு வரி. நூற்றெண்பது கேள்வியை மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிள்ளைக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் பிடித்துக்கொள்ளத்தானே செய்யும்?

அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் மாடியில் பழைய தட்டோடு பதித்திருக்கிறது. ஒரு தட்டோடு என்றால் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். துளசித் தொட்டியை ஓரிடத்தில் வைத்து அது 4 மைக்ரோ கூலூம் நேர்மின்னூட்டம் என்றேன். அதற்குக் கிழக்கே மூன்று தட்டோடு தள்ளி ஒரு வாளி, 1 மைக்ரோ கூலூம் எதிர்மின்னூட்டம்.

"பாப்பா, நீதான் சோதனை மின்னூட்டம். நீ எப்பவும் பிளஸ். தொட்டியிலேர்ந்து ரெண்டு ஓடு தள்ளி நில்லு. தொட்டி உன்னை என்ன செய்யும்?"

"தள்ளும் சார்."

"எந்தப் பக்கம்?"

கிழக்கே கையைக் காட்டினாள்.

"வாளி?"

"இழுக்கும்." மறுபடி கை கிழக்கே போனது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே பக்கம் சார்."

வீட்டில் பீரோ நகர்த்தும்போது பார்த்திருப்பீர்கள். ஒருவர் பின்னாலிருந்து தள்ளுவார், ஒருவர் முன்னாலிருந்து இழுப்பார். தள்ளுவதும் இழுப்பதும் எதிர்எதிர் வேலை என்று யாராவது கழித்துப் பார்ப்பார்களா? பீரோ நகர்வது ஒரே பக்கம்தான். இதை நான் சொல்வதற்குள் அவள் தம்பி, "அப்ப ரெண்டையும் கூட்டணும்" என்றான். ஒன்பதாவது படிக்கிறான். அக்காவிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டான்.

பிறகு அவளை வாளிக்கு அந்தப் பக்கம், கிழக்கே, இரண்டு ஓடு தள்ளி நிற்கச் சொன்னேன். இப்போது தொட்டியிலிருந்து ஐந்து ஓடு, அதாவது 50 சென்டிமீட்டர். தொட்டி தள்ளுவது கிழக்கே, 36,000-ஐ 0.25-ஆல் வகுத்து 1,44,000. வாளி இழுப்பது இப்போது மேற்கே, 9,000-ஐ 0.04-ஆல் வகுத்து 2,25,000. எதிர்எதிர், கழிக்கலாம். மிச்சம் 81,000, மேற்கே. தொட்டிக்கு இந்தப் பக்கம், மேற்கே இரண்டு ஓடு தள்ளி நின்றால் தொட்டி மேற்கே தள்ளும், 9,00,000. வாளி தூரத்திலிருந்து கிழக்கே இழுக்கும், 36,000. மிச்சம் 8,64,000, மேற்கே.

சாக்பீஸால் தரையில் மூன்று இடத்திலும் அம்புக்குறி போட்டுவிட்டு, குறுக்குவழிப் பட்டியலின்படியும் மூன்று இடத்துக்கும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நடுவில் பூஜ்யம், தப்பு. கிழக்குக் கோடியில் மைனஸ் 81,000, அளவும் திசையும் சரி. மேற்குக் கோடியில் பிளஸ் 8,64,000, அளவு சரி, திசை தலைகீழ். மூன்று இடத்தில் ஓர் இடத்தில்தான் அந்த வழி செல்லுபடியாகிறது. பட்டியலில் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு அந்த மாதிரி இடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் வந்தது. "அப்ப ஏன் சார் அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. அந்த வழி வானத்திலிருந்து வந்ததும் அல்ல. மின்னழுத்தம் என்று பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. மின்னழுத்தத்துக்குத் திசை கிடையாது, வெறும் எண். அதற்குக் குறியோடு போட்டுக் கூட்டுவதுதான் முறை. அதே நடு இடத்தில் மின்னழுத்தம் வேண்டுமானால் 36,000-ஐ 0.2-ஆல் வகுத்து 1,80,000, 9,000-ஐ 0.1-ஆல் வகுத்து 90,000. குறியோடு கூட்டி 90,000 வோல்ட். சரியான விடை. அங்கே செல்லும் காசை யாரோ இங்கே கொண்டுவந்து மாற்றியிருக்கிறார்கள். மின்புலத்தில் பிளஸ், மைனஸ் என்பது தள்ளுமா இழுக்குமா என்று மட்டும்தான் சொல்லும். கிழக்கா மேற்கா என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை அவளிடம் விளக்கினேன். கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை. தணியவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் வகுப்பில் நான் வைத்திருந்த வழக்கம் ஒன்றுதான். அம்புக்குறி போடாமல் எவரும் சூத்திரத்தைத் தொடக்கூடாது. கேட்ட புள்ளியில் போய் நில். நேர்மின்னூட்டத்திலிருந்து விலகி ஓர் அம்பு, எதிர்மின்னூட்டத்தை நோக்கி ஓர் அம்பு. அம்பின் வால் எப்போதும் நீ நிற்கும் புள்ளியில்தான், மின்னூட்டத்தின் மேல் அல்ல. அதன் பிறகு அளவு. அளவு போடும்போது குறியை மறந்துவிடு, அதன் வேலை அம்பு போட்டதோடு முடிந்தது. கடைசியில் அம்புகளைச் சேர். ஒரே கோட்டில் இருந்தால் கூட்டல் கழித்தல், கோணத்தில் இருந்தால் இணைகர விதி. படம் போடாத விடைத்தாளுக்கு நான் ஒரு மதிப்பெண் குறைத்துவிடுவேன். 'படம் வாத்தியார்' என்று பட்டப்பெயர்கூட இருந்ததாகக் கேள்வி.

படத்தை வைத்து யோசிப்பது தாழ்ந்த வழி என்று சிலர் நினைக்கிறார்கள். மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். கணிதம் அதிகம் தெரியாது. அவர் மின்சாரத்தையும் காந்தத்தையும் புரிந்துகொண்டது விசைக்கோடுகள் வரைந்துதான். அதற்குப் பிறகுதான் மேக்ஸ்வெல் வந்து அந்தக் கோடுகளுக்குச் சமன்பாடு எழுதினார்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் கையால் சுழற்றும் பழைய விம்ஷர்ஸ்ட் எந்திரம் ஒன்று இருந்தது. ஒரு கண்ணாடித் தட்டில் விளக்கெண்ணெய் ஊற்றி, மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, இரண்டு செம்புக் கம்பிகளை உள்ளே வைத்து எந்திரத்தைச் சுற்றினால், ரவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு வளைந்து வளைந்து கோடுகள் போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எந்திரம் மக்கர் செய்யும். அதனால் அந்தச் சோதனையை தை, மாசிக்கு ஒத்திப்போட்டு, திருப்புதல் தேர்வு சமயத்தில் செய்து காட்டுவேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அப்போது ஒரு கேள்வி கேட்பேன்: "கோடு தெரியுது, சரி. அம்பு எந்தப் பக்கம்னு ரவையப் பாத்துச் சொல்லு." சொல்ல முடியாது. ரவை கோட்டைத்தான் காட்டும், அம்பைக் காட்டாது. அம்பு, நேர்மின்னூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. பிளஸ், மைனஸ் என்று பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் எழுதியது 1747-ல். எலக்ட்ரானைத் தாம்சன் கண்டுபிடித்தது 1897-ல். அது மைனஸ் என்று தெரிவதற்குள் நூற்றைம்பது வருடப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. அதனால்தான் எலக்ட்ரான் மின்புலத்துக்கு எதிராக ஓடுகிறது என்று இன்றைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் வருகிறேன். மறுநாள் சதுரக் கணக்கு. மாடியில் நான்கு மூலை குறித்து, மேல் இரண்டு மூலையில் பிளஸ், கீழ் இரண்டு மூலையில் மைனஸ், எல்லாம் சம அளவு. நடுவில் அவள். மேல் இரண்டும் அவளைக் குறுக்காகக் கீழே தள்ளுகின்றன, கீழ் இரண்டும் குறுக்காகக் கீழே இழுக்கின்றன. நான்கு அம்பும் போட்டாள். ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் இரண்டிரண்டு அம்பு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. இரண்டு மூலைவிட்டத்துக்கும் நடுவே, நேர் கீழே விடை. ஒற்றை அம்பின் அளவைப்போல் 2√2 மடங்கு. பிளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி மூலைகளில் இருந்தால்? எதிர்மூலைகள் இரண்டும் ஒரே ஜாதி, ஒன்றையொன்று அடித்துவிடும், பூஜ்யம். "இது நிஜமான பூஜ்யம்" என்றாள்.

பிறகு மூன்று மூலையில் மட்டும் சம அளவு பிளஸ், நான்காவது மூலை காலி. அம்பு போட்டதும் இரண்டு அம்பு தானாகக் கழிந்தது. மிச்சமிருந்த ஒன்று காலி மூலையைக் காட்டியது. கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவே அவள் அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளைக்குக் கணக்கு வரலைன்னு சொன்னா அது பொய்ம்மா. பதினோரு தாளையும் பாத்துட்டேன். ஒரே இடத்துலதான் விழறா, அது சரி பண்ணக்கூடிய இடம். இன்னொரு வருஷம் எழுதட்டும். ஆனா அந்த மையத்துக்குத் திருப்பிப் பணம் கட்டாதீங்க. பழைய கேள்வித்தாளும் பள்ளிக்கூடப் புத்தகமும் போதும், இயற்பியலுக்கு நான் இருக்கேன். நர்சிங்குக்கும் விண்ணப்பம் போட்டு வைங்க, அதுவும் நல்ல படிப்புதான்." கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடிக்கவில்லை, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எழுபது நெருங்குகிறது, சீட்டு கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வேதியியலுக்கு யாரைப் பிடிப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் துறையூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாடியில் இடம் இருக்கிறது.

போன ஞாயிறு காலை காபி குடித்துக்கொண்டிருந்தேன். படியேறி வந்தவள், "சார், ஒழுங்கான ஐங்கோணம். நாலு மூலையில சமமா பிளஸ் வச்சு ஒரு மூலைய மட்டும் காலியா விட்டா?" என்றாள். நானே நடத்தாத கணக்கு. "அம்பு போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேன். அப்புறம் போடத் தேவையில்லைன்னு தெரிஞ்சுது சார். அஞ்சும் இருந்தா பூஜ்யம்தானே? அதுல ஒண்ண எடுத்தா, அந்த ஒண்ணு தள்ளினதுக்கு எதிர்ப்பக்கம். காலி மூலையப் பாத்துதான் இருக்கும். அளவு, ஒரே ஒரு மின்னூட்டத்தோட அளவு."

சரிதான் என்றேன். அறுகோணத்தில் இரண்டு மூலையைக் காலியாக விட்டால் என்று கேட்டேன். எந்த ரெண்டு மூலை சார் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.